கடல் கடந்த கணக்கு – 17: பெட்ரோல் பங்குக்கு இருந்த சட்டம்

நேமத்தான்பட்டியில் ஒரு வளவு வீடு. முகப்பு பூட்டிக் கிடக்கிறது. பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாம் கட்டில் ஓர் அறையைத் திறந்து, ஒரு தேக்குப் பெட்டியை இழுத்துப் போட்டார் ஆச்சி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் கற்பூரமும் பழைய காகிதமும் கலந்த வாசனை வந்தது. மேலே, நூல் போட்டுக் கட்டிய நீளமான பேரேடு. அதன் கீழே பர்மிய எழுத்தில் வரி ரசீதுகள் ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்து வைத்த ஒரு நில அளவைப் படம். வயல்களின் வரப்புகள் கறுப்பு மையில் இருந்தன. இவர்கள் விலாசத்தை, அதாவது நிறுவனத்தைச் சேர்ந்த வயல்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கரை கட்டியிருந்தார்கள். மடிப்பில் துணி ஒட்டியிருந்ததால் படம் கிழியாமல் தப்பியிருக்கிறது.

“எங்க ஐயா காலத்து நெலம் தம்பி. நான் ஒரு நாளும் பாத்ததில்ல. எங்க அப்பச்சி கடைசியா பாத்தது நாப்பத்தொண்ணுல” என்றார். பிறகு, பேரேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டி ஒன்று கேட்டார்: “இப்படி அடுத்த நாட்டுல சொத்தை விட்டுட்டு வந்தவுகளுக்கு எங்கயாச்சும் பணம் வந்திருக்கா?”

வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம். செட்டிநாட்டுக்கு நன்றாகத் தெரிந்த கொழும்பிலேயே வந்திருக்கிறது. வாங்கியவர்கள் மூன்று எண்ணெய் கம்பெனிகள். வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் இருந்த ஒரே ஒரு பிரிவு.

சென்ற இதழ்களில் பர்மாவை விரிவாகப் பார்த்துவிட்டோம் என்பதால் நடந்ததை இரண்டே பத்தியில் நினைவூட்டுகிறேன். ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்குப் பணம் போட்டவர்கள் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூன் மொகல் தெருவில் வட்டி நிர்ணயமாகி, டெல்டாவின் சின்னச் சின்ன ஊர்கள் வரை கடன் போயிற்று. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைக்கு வந்தது. 1937-ல் அது நூற்றுக்கு 25 பங்கு, ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர்.

பர்மிய விவசாயியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தன் தகப்பன் காடு வெட்டித் திருத்திய வயலில் அவன் குத்தகைக்காரனாக நின்றான். அவன் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வயலுக்குப் போன பணத்தில் நேமத்தான்பட்டி போன்ற ஊர்களின் சேமிப்பு இருந்தது, விதவைகளின் பணம் இருந்தது, கோயில் மகமைப் பணமும் இருந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1948 அக்டோபரில் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் இயற்றியது. 1953-ல் இன்னொரு சட்டம். இழப்பீடு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. நிலத்தின் மதிப்புக்கு ஈடான இழப்பீடு செட்டிநாட்டுக்கு வந்து சேரவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம்.

போருக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. போருக்குப் பின் அதில் பாதிகூட வரவில்லை. அந்த அரிசியை நம்பிச் சோறு பொங்கிய ஊர்களில் சென்னையும் கொழும்பும் முக்கியமானவை. 1952-ல் இலங்கையில் கடும் அரிசித் தட்டுப்பாடு. அதே நேரம் கொரியப் போர்க் காலத்தில் ஏறியிருந்த ரப்பர் விலையும் இறங்கிவிட்டது. விற்க ரப்பர் இருந்தது, வாங்க அரிசி வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நல்ல விலை பேசிய நாடு சீனா ஒன்றுதான்.

சீனாவுக்கு ரப்பர் விற்றால் என்ன ஆகும் என்பது கொழும்புக்குத் தெரியும். 1951-ல் அமெரிக்க நாடாளுமன்றம், அலபாமா உறுப்பினர் லாரி பேட்டில் கொண்டுவந்த சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. போருக்கு உதவக்கூடிய பொருளைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அனுப்பும் எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பது அதன் சாரம். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடுகூட இல்லை. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போய்ப் பேசி முடித்தார். 1952 டிசம்பர் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி, பதிலுக்கு 50,000 டன் ரப்பர், ஐந்து ஆண்டுகளுக்கு. அமெரிக்க உதவி நின்றுபோனது. 1956 வரை வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலங்கையில் யாருக்குப் பசி, எத்தனை பேருக்குக் கூப்பன் அரிசி போதவில்லை என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் எங்கும் வரவில்லை. உதவிக்கு ஒரு நாடு தகுதியா இல்லையா என்பதை அந்த நாட்டின் வறுமை சொல்லவில்லை. அந்த நாட்டின் கப்பல் எங்கே போகிறது என்பது சொன்னது.

பத்தே ஆண்டுகளில் இலங்கை மறுபடியும் அதே வாசலில் போய் நின்றது. இந்த முறை காரணம் எண்ணெய்.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். உலகிலேயே தேர்தல் வழியாக வந்த முதல் பெண் பிரதமர். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. எஸ்ஸோ, கால்டெக்ஸ், ஷெல் மூன்றும்தான் தீவுக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கொண்டுவந்தன. சோவியத் ஒன்றியத்திலிருந்து மலிவாக வாங்கலாம் என்றது அரசு. வாங்கினாலும் விற்க இடம் வேண்டுமே! 1961-ல் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. 1962-ல் மூன்று கம்பெனிகளின் பெட்ரோல் பங்குகளிலும் சேமிப்புக் கிடங்குகளிலும் ஒரு பகுதியைக் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. இதை முன்னின்று நடத்தியவர் வர்த்தக, உணவு அமைச்சர் டி.பி. இலங்கரத்ன. எல்லாவற்றையும் எடுக்கவில்லை, கூட்டுத்தாபனம் கடை விரிக்கத் தேவையான அளவுக்கு எடுத்தார்கள். இழப்பீடு கொடுப்போம் என்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் பிரேசிலுக்குப் போய் வர வேண்டும். இதற்கும் பிரேசிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் கொழும்பின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்பட்டது. 1962 பிப்ரவரியில் பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சூல் மாநில ஆளுநர் லியோனல் பிரிசோலா, ஐ.டி.டி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலைபேசிக் கம்பெனியை அரசுடைமை ஆக்கினார். வாஷிங்டனில் கொந்தளிப்பு. ‘நம் வரிப்பணத்தை உதவியாக வாங்கிக்கொண்டு நம் சொத்தையே பிடுங்குவதா’ என்ற கேள்வி எழுந்தது. அயோவா மாநில செனட்டர் பர்க் ஹிக்கன்லூப்பர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1961-ல் கென்னடி கொண்டுவந்த வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 620-ஆம் பிரிவில் அது சேர்ந்தது.

திருத்தம் சொன்னது இதுதான்: 1962 ஜனவரி 1-க்குப் பிறகு அமெரிக்கர்களின் சொத்தை எந்த நாடாவது எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் முறையான இழப்பீட்டுக்கு வழி செய்யாவிட்டால், அந்த நாட்டுக்கான உதவியை அமெரிக்க அதிபர் நிறுத்தியே ஆக வேண்டும். ‘நிறுத்தலாம்’ என்று இருக்கவில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரமும் அதிபருக்கு இல்லை. இது எங்கள் கையைக் கட்டிப்போடும் என்று கென்னடி அரசே எதிர்த்தது. செனட் கேட்கவில்லை. 1962 ஆகஸ்ட் 1-ல் சட்டமானது.

அன்று முதல் ஆறு மாதக் கடிகாரம் கொழும்பில் ஓடத் தொடங்கியது. பிரேசிலை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தில் பிரேசில் மாட்டவில்லை, சிக்கியது இலங்கை.

கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவரும் ஒரு பெண்மணி, பிரான்சிஸ் வில்லிஸ். பேச்சு நடந்தது. சொத்தின் மதிப்பை யார் போடுவது, எந்த முறையில் போடுவது, எப்போது கொடுப்பது என்பதில் இழுபறி. இலங்கை மதிப்பீட்டாளர் தன் வேலையைச் செய்து முடிக்கட்டும் என்றது கொழும்பு. தவணை முடிந்துவிட்டது என்றது வாஷிங்டன். 1963 பிப்ரவரி 8-ஆம் தேதி இலங்கைக்கான அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் முறைப்படி பிரயோகிக்கப்பட்ட முதல் நாடு இலங்கைதான்.

கடன் கொடுத்து வாங்கிய பரம்பரைக்கு இதன் உள்ளடக்கம் புதிதல்ல. நகரத்தார் கடன் சீட்டில் தவணை உண்டு, வட்டி உண்டு, ஈடு உண்டு, தவறினால் என்ன என்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டமும் அப்படி ஒரு சீட்டுதான். உதவி என்று பெயர். உள்ளே ஈடும் தவணையும். இதே 620-ஆம் பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது: சரக்குக்கோ சேவைக்கோ அமெரிக்கக் குடிமகன் ஒருவனுக்குப் பாக்கி வைத்திருக்கும் அரசு, அந்தப் பாக்கியை மறுக்கவும் இல்லை, அவனும் அங்குள்ள சட்ட வழிகளையெல்லாம் முயன்று பார்த்துவிட்டான் என்றால், அந்த அரசுக்கும் உதவி கிடையாது. ஒரு தனி மனிதனின் வராத பாக்கிக்காக ஒரு வல்லரசு தன் கஜானாவை மூடும். மொகல் தெருவில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த எந்த மேலாளுக்கும் அப்படி ஒரு துணை இருந்ததில்லை.

உதவி நிறுத்தம் கொழும்பை உடனே பணிய வைத்ததா? இல்லை. நேர்மாறாக நடந்தது. 1963 ஆகஸ்டில் கூட்டுத்தாபனச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். 1964 ஜனவரி 1 முதல் தீவின் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. மிரட்டலுக்குப் பணிந்தால் ஆட்சி நிற்காது என்று எந்தச் சின்ன நாட்டு அரசும் நினைக்கும். சிறிமாவோவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் செலாவணிப் பஞ்சம் தீரவில்லை. 1965 மார்ச் தேர்தலில் அவர் தோற்றார். டட்லி சேனநாயக்க பிரதமராக வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக எண்ணெய் கணக்கை முடித்தார். 1965 ஜூனில் ஒப்பந்தம். மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 5 கோடியே 50 லட்சம் ரூபாய், ஆண்டுத் தவணைகளில். அமெரிக்க உதவிக்கு வழி திறந்தது. ஷெல் அமெரிக்கக் கம்பெனியே இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் நிழலில் அதற்கும் பணம் வந்தது.

பங்குகளை எடுத்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டுகள்தான்.

இதே காலத்தில் கொழும்பு செட்டியார் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகரத்தார் தொழில் செய்த கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மூடின. 1948, 1949 குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களுக்குப் பின் நகரத்தார் தற்காலிக அனுமதியில் காலம் தள்ளினார்கள். ஆடிவேல் திருவிழா ரதம் புறப்பட்டது. ரதத்தின் பின்னால் நடந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. 1964 அக்டோபர் 30-ல் டெல்லியில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்த அதே ஆண்டில், பெட்ரோல் பங்குகளுக்கு ஒரு வல்லரசு ஒவ்வொரு ரூபாயாகக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இதை எழுதும்போதுகூட மனம் ஆறவில்லை.

பர்மாவில் அதே 1963, 64-ல் நே வின்னின் ராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்ததுதான்.

இந்தியா ஏன் அமெரிக்காவைப் போல் ஒரு சட்டம் போடவில்லை? நேருவின் நிலைப்பாடு தெளிவானது. நிலச் சீர்திருத்தம் செய்யும் உரிமை பர்மாவுக்கு உண்டு. நியாயமான இழப்பீடு மட்டும் கேட்போம். உள்நாட்டில் ஜமீன்தாரி ஒழிப்பைக் கொண்டுவந்துகொண்டிருந்த ஓர் அரசு, பக்கத்து நாட்டில் அதை எதிர்க்க முடியாது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 1950-ல் உள்நாட்டுப் போரில் தத்தளித்த பர்மாவுக்கு பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, ஆஸ்திரேலியா சேர்ந்து 60 லட்சம் பவுன் கடன் தர ஒப்புக்கொண்டபோது, செட்டியார் நிலத்தை ஈடாக வைத்து யாரும் பேசவில்லை. நண்பன் கஷ்டத்தில் இருக்கும்போது பழைய பாக்கியைக் கேட்கக் கூடாது என்பது நல்ல வழக்கம்தான். ஆனால் கஷ்டம் தீர்ந்த பிறகாவது உறுதியாகக் கேட்டிருக்க வேண்டும். அந்த உறுதி கடைசிவரை வரவில்லை என்பதுதான் செட்டிநாட்டின் மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவும் இப்படிப்பட்ட அமெரிக்கச் சட்டங்களால் அடிபட்ட நாடுதான். 1950 கடைசியில் 20 லட்சம் டன் தானியம் கேட்டோம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா மாதக்கணக்கில் கிடந்தது. கோதுமைக்குப் பதிலாக மோனசைட் கேட்டார்கள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம்தான் அது. உள்ளே தோரியம் இருக்கிறது. 1951 ஜூன் 15-ல்தான் 19 கோடி டாலர் கடனுக்கான சட்டம் கையெழுத்தானது. 1953-ல் இந்தியா கொஞ்சம் தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு விற்றபோது, இலங்கையைத் தண்டித்த அதே பேட்டில் சட்டம் நம் தலைமேலும் தொங்கியது. இந்தியா பெரிய நாடு. சமரசம் கண்டு தப்பியது. 1963-ல் பொகாரோ உருக்காலை அரசுத் துறையில் வருகிறது என்பதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் முரண்டு பிடித்தது. நேரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். ஆலையை சோவியத் உதவியோடு கட்டினோம். பி.எல். 480 சட்டத்தின் கீழ் வந்த அமெரிக்கக் கோதுமை பற்றியும், அந்த நாளில் நம் பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் பட்ட பாட்டைப் பற்றியும் தனியாக ஓர் அத்தியாயம் வரும். இங்கே அவசரப்பட்டுச் சொல்ல மனமில்லை.

ஹிக்கன்லூப்பர் திருத்தம் பிறகு அமெரிக்காவுக்கே சுமையானது. 1968-ல் பெரு நாடு ஓர் அமெரிக்க எண்ணெய் கம்பெனியை எடுத்துக்கொண்ட பிறகு, திருத்தத்தைப் பிரயோகிக்காமல் நிக்சன் அரசு பேச்சுவார்த்தை என்று நாளைக் கடத்தியது. 1973-ல் அதிபருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தைச் சேர்த்து, சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். பெருவுக்குக் கிடைத்த பொறுமை இலங்கைக்குக் கிடைக்கவில்லை.

இன்று இந்தியாவே உதவி செய்யும் நாடு. 2022-ல் இலங்கை பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றபோது ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தோம். பெருமையாக இருந்தது. ஆனால் எந்த நாட்டுக்கு, எந்தத் தகுதியில், எந்த நிபந்தனையில் உதவி செய்வது என்று நம் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியதில்லை. எல்லாம் அரசின் முடிவு. அமெரிக்கச் சட்டத்தின் கொடுக்கு நமக்கு வேண்டாம். ஆனால் வரிப்பணம் எந்த நியாயத்தில் வெளியே போகிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த எழுத்தில், எளிய மனிதர்கள் வெளிநாட்டில் விட்டுவந்த சொத்துக்கும் சம்பளப் பாக்கிக்கும் ஒரு வரியாவது இடம் வேண்டும்.

ஆச்சியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கம்பெனிகளுக்குப் பணம் வந்தது என்று மட்டும் சொன்னேன். “அவுககிட்ட காயிதம் இருந்துச்சாக்கும்?” என்று கேட்டார். இருந்தது ஆச்சி, எல்லாக் காகிதமும் இருந்தது என்றேன். “எங்ககிட்டயும் இருக்கே” என்றபடி படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அதனால் இந்தத் தொடரை வாசிக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைப் பங்கு பிரிக்கும்போது, இடிக்கும்போது, தூணும் நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போவதோடு பேரேடுகள் எடைக்குப் போகின்றன. பர்மா, இலங்கை, மலாயா ரசீதுகள், நிலப் படங்கள், சம்பளச் சீட்டுகள், ஐந்தொகைகள் எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னைத் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அங்கே கொடுங்கள், அல்லது அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். கொடுக்க மனம் வராவிட்டால், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.